பெரியம்மாவுக்கும் பேரனுக்கும் துணை நின்றவர்களுக்கு

இந்த மடலில் யாருடைய பெயரும் இருக்காது. வீட்டிலிருந்த உறவினர் ஒருவரால் துன்பப்பட்ட பெரியம்மாவையும் பேரனையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். நன்றி யாருக்கு என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. பெரியம்மா வாசல் பக்கமே வராததும், பையன் இருட்டிய பிறகும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்ததும் உங்கள் கண்ணில்தான் பட்டது. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிடாமல், தொலைவில் இருக்கும் எனக்குப் போன் செய்தீர்கள்.

அதன் பிறகு நான் பேசிய முதல் அலுவலகத்தில், "குடும்ப விஷயம், உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். சரி, அது போகட்டும்.

உதவி எண்ணில் பேசிய அம்மா, நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே, "இந்த நிமிடம் யாருக்காவது ஆபத்து இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். இருந்தால் முதலில் காவல்துறைக்கோ ஆம்புலன்ஸுக்கோதான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றீர்கள். ஆதாரம் கையில் இல்லையே என்று தயங்கினேன். நியாயமான சந்தேகம் போதும், விசாரிப்பது எங்கள் வேலை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நானாக ஊகித்தது மூன்றையும் தனித்தனியாக, தேதியோடு எழுதி வைக்கச் சொன்னீர்கள். அந்த உறவினரிடம் நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம், கோபம் வீட்டுக்குள் இருப்பவர்கள் மேல்தான் திரும்பும் என்றும் தடுத்தீர்கள். அன்று நான் இருந்த நிலையில் யாராவது அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

வகுப்பு ஆசிரியைக்கு என்ன சொல்ல? பையன் உங்களிடம் வாய் திறந்தபோது, "யாரிடமும் சொல்லாதீங்க" என்று கேட்டானாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதுதான் அந்த இடத்தில் சுலபம். நீங்கள், "உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்றீர்கள். பிறகு அவன் சொன்னதை அவன் வார்த்தைகளிலேயே எழுதினீர்கள், திருத்தவில்லை. "அடித்தாரா, எத்தனை முறை?" என்று தூண்டித் துருவவும் இல்லை. பெரியவர்கள் ஆளாளுக்குக் கேட்டால் குழந்தை கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லத் தொடங்கிவிடும், வேதனையையும் திரும்பத் திரும்ப அனுபவிக்கும் என்று பின்னால் எனக்கு விளக்கினீர்கள். பயிற்சி பெற்ற அதிகாரி மட்டுமே அவனிடம் விவரம் கேட்டார். தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. அது வெறும் காகிதம் இல்லை என்பதை உங்களிடம்தான் பார்த்தேன்.

செவிலியருக்கு: படிவம் நிரப்ப வேண்டும் என்று உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, பெரியம்மாவிடம் தனியாகப் பேசினீர்கள். மேல்கையின் உட்புறத்தில் விரல் பதிந்தாற்போல் கன்னிப்போயிருந்த தடங்களை அளந்து குறித்தீர்கள். "நம்ம வீட்டில்தான் இப்படி ஒரு அசிங்கம்" என்று அவர் அழுதபோது, 60 வயது கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைச் சொன்னீர்கள். புள்ளிவிவரம் ஒருவரின் வெட்கத்தைத் தணிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வங்கிக் காசாளருக்கும் நன்றி. பெரியம்மாவின் பென்ஷன் பணம் மொத்தமாக வெளியே போவதைப் பார்த்து, கையெழுத்து வாங்கும் முன் "இது எதற்கு எடுக்கிறீங்கம்மா?" என்று அவரிடமே கேட்டவர் நீங்கள்.

கடைசியாக, இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த சமூகப் பணியாளருக்கு. ஆளுக்குத் தெரிந்த துண்டு துண்டான செய்தி அன்றுதான் முழுதாக ஒன்றுசேர்ந்தது. அதிலும், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை யாருக்கும் போகாமல் பார்த்துக்கொண்டீர்கள். பெரியம்மாவுக்கு மறதி இருக்கிறது, அதனால் நாமே முடிவெடுத்துவிடலாம் என்று எங்கள் குடும்பத்திலேயே பேச்சு வந்தது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு மனம் தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து வந்தீர்கள். வந்ததும் முதல் வேலையாக அவருடைய காது கேட்கும் கருவியின் பேட்டரியை மாற்றினீர்கள், அது எத்தனை நாளாகத் தீர்ந்து கிடந்ததோ! பிறகு அவசரமில்லாமல் கேட்டீர்கள். அவரும் தெளிவாகச் சொன்னார்: வீட்டைவிட்டுப் போக மாட்டேன், பேரன் என்னோடுதான் இருக்க வேண்டும், எங்களைத் துன்புறுத்தியவன் மட்டும் இங்கே இருக்கக் கூடாது.

அந்த உறவினர் இப்போது அங்கே இல்லை. தினமும் காலையில் ஒரு பராமரிப்பாளர் வருகிறார். பையன் மனநல ஆலோசகரைப் பார்த்து வருகிறான். ராத்திரியில் இன்னும் திடுக்கிட்டு எழுகிறான்தான், ஆனால் பள்ளியைத் தவறவிடுவதில்லை. அடுத்த மாதம் மறுபடியும் எல்லோரும் கூடுகிறீர்கள் அல்லவா, அந்தக் கூட்டத்துக்குப் பெரியம்மாவும் வருகிறார். சொல்ல வேண்டியதை அவரே சொல்லிக்கொள்வாராம், என்னைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.