குளியலறையில் இருப்பவளைப் பற்றி

கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. குளியலறைச் சுவரில் அப்பிக்கொண்டு நிற்கிறது" என்றாய். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டதாகவும் சொன்னாய். நான் ஏதோ பெரிய தைரியசாலி மாதிரி "விடு, அது ஒன்றும் செய்யாது" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. சிலந்தியை நினைத்து இல்லை, நீ கத்திய கத்தலை நினைத்து. அந்த 'ஐயோ'வை ஒரு இழுப்பு இழுத்து, மூச்சை உள்ளே வாங்கி முடிக்கிறாயே, அது உன்னுடையது இல்லை. என்னுடையது. நான் என்றோ கத்தியதை யாரோ பதிவு செய்து வைத்து எனக்கே போட்டுக் காட்டியது போல் இருந்தது.

போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

உனக்கு அப்போது ஐந்து வயது. துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே பாம்பு. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், நான் ஒற்றை ஆள். போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்திலிருந்து நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். அது யாரையும் பார்க்கக்கூட இல்லை. சுவர் ஓட்டையைத் தேடி ஓடியது. பாதி உடம்பு உள்ளே போனபின் வாலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். நீ என் முழங்காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாய். அடித்து முடித்தபிறகு அவர்களில் வயதான ஒருவர் குனிந்து பார்த்து, "சாரை. விஷம் கிடையாது, எலி பிடிக்க வந்திருக்கும்" என்றார். அடிப்பதற்கு முன்னால் குனிந்து பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நீ மட்டும்தான் ஒரு கேள்வி கேட்டாய். "அது என்னம்மா பண்ணிச்சு?"

"பாம்பு" என்றேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அதற்குப்பிறகு நீ தரையில் கிடக்கும் கயிற்றைக்கூடத் தாண்டமாட்டாய். பல்லி, வண்டு, கம்பளிப்பூச்சி, எதைப் பார்த்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாய். என் முகம் என்ன சொன்னது என்று உனக்கே தெரியும்.

இது வெறும் அம்மாவின் குற்ற உணர்ச்சி என்று நீ சிரிக்கலாம். 1980களில் சூசன் மினேக்கா என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ரீசஸ் குரங்குகளை வைத்து இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். காட்டில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் உயிர் போகும். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த அவற்றின் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. பெற்றவை பாம்பைக் கண்டு பதறுவதைச் சில தடவை பார்க்க விட்டார்கள், அவ்வளவுதான். ஆறு குட்டிகளில் ஐந்து அதே பயத்தைப் பிடித்துக்கொண்டன, மாதக்கணக்கில் விடவும் இல்லை. பிறகு வீடியோவை வெட்டி ஒட்டி, பூவைக் கண்டு குரங்கு பயப்படுவது போலவும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பூவுக்கு ஒரு குரங்கும் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. பயம் ஒட்டிக்கொள்ள உள்ளே ஒரு இடம் தயாராக இருக்கிறது போலும். உனக்குள் அந்த இடத்தை நிரப்பியது நான்.

எனக்கு இது பின்னால்தான் புரிந்தது. நீ வெளியூர் போனபிறகு நான் காலை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் ஜன்னலோரம் கிடந்தேனே, அப்போது. ஜன்னல் சட்டத்தின் மூலையில் ஒரு குளவி மண் கொண்டுவர ஆரம்பித்தது. கறுப்பும் மஞ்சளுமாக, இடுப்பு நூல் மாதிரி. நடக்க முடிந்திருந்தால் முதல் நாளே துடைப்பத்தால் தட்டியிருப்பேன். கட்டிலில் கிடந்ததால் பார்த்தேன். வேறு வேலையும் இல்லை.

ஈர மண்ணை உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டு வரும். சுவரில் வைத்து அழுத்தும்போது 'ர்ர்ர்' என்று ஒரு ரீங்காரம். அந்த அதிர்வில்தான் மண் இளகிப் படிகிறதாம். விரல் நீளத்துக்கு ஒரு குழல் முடிந்ததும் வேட்டை. குட்டிச் சிலந்திகளைக் கொட்டித் தூக்கி வந்து உள்ளே அடைக்கும். அவை சாவதில்லை, அசைய முடியாமல் கிடக்கும், அதனால் கெட்டும் போவதில்லை. ஒரு முட்டையை வைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டு அடுத்த குழலுக்குப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம்மில் ஒரு பேச்சு உண்டல்லவா? வேறு ஏதோ ஒரு புழுவைப் பிடித்து வந்து, கொட்டி, ரீங்காரம் செய்து, தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறது என்று. நம் ஆட்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்! ரீங்காரத்தைக் கேட்டிருக்கிறார்கள், இரையை உள்ளே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறார்கள், குளவி வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் இருந்த முட்டை மட்டும் கண்ணில் படவில்லை. கதை தப்பு, ஆனால் எனக்கு அந்தத் தப்பு பிடித்திருக்கிறது. குனிந்து பார்த்தவர்கள் செய்த தப்பு அது.

ஆறு வாரமும் அந்தக் குளவி என் தலைக்கு இரண்டு அடி தூரத்தில் போய்வந்தது. ஒருமுறைகூட என்னைக் கொட்ட வரவில்லை. கூட்டமாக வாழ்கிற குளவிகள் கூட்டைக் காக்கத் துரத்திக் கொட்டும், அவற்றின் பக்கமே போகாதே. இது தனிக்கட்டை. என்னைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு லேசாக மனத்தாங்கலாகவே இருந்தது.

அதன்பிறகுதான் மற்றவற்றையும் பார்க்க ஆரம்பித்தேன். விளக்கடியில் நிற்கும் பல்லியைப் பார்த்தாயானால், நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கிக்கொள்ளும். மூடித் திறக்க இமை இல்லை, அதனால் நாக்குதான் துடைப்பான். காலில் பசை என்று நினைத்திருந்தேன், பசையே கிடையாது. டோக்கே என்ற பெரிய பல்லிக்கு ஒரு பாதத்தில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அவ்வளவு நெருக்கமாகப் போய்ச் சுவரைத் தொடுவதால், மூலக்கூறுகளுக்கு இடையில் இருக்கும் மிக மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்கிவிடுகிறது. இதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியதே 2002இல்தான். நான் துடைப்பத்தோடு துரத்தி, வால் தனியாக விழுந்து துடித்ததும் நானே வெளியே ஓடினேனே, நினைவிருக்கிறதா? அந்த வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். நான் அதன் சேமிப்பைப் பிடுங்கியிருக்கிறேன். மறுபடி வளரும் வாலில் பழையபடி முள்ளெலும்பு வராது, குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான்.

அரணை பாவம். அரணை கடித்தால் உடனே மரணம் என்று எதுகைக்காக யாரோ சொல்லிவைத்ததில் எத்தனை அடி வாங்கியிருக்கும்! அதற்கு விஷமே இல்லை.

ஒரு மாலை வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டது. பழைய நானாக இருந்தால் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அலறியிருப்பேன், தலைமுடியில் சிக்கிக்கொள்ளும் என்று. விளக்கை அணைத்தேன், ஜன்னலை அகலத் திறந்தேன், சுவரோரம் உட்கார்ந்தேன். நாலைந்து சுற்று சுற்றியது. முகத்துக்குப் பக்கத்தில் காற்று மட்டும் பட்டது, சிறகு படவில்லை. 1790களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்பவர், கண்ணை இழந்த வௌவாலும் தடுமாறாமல் பறப்பதையும், காதை அடைத்தால் முட்டி மோதுவதையும் கண்டு திகைத்தார். விடை கிடைக்க 1938 வரை ஆனது. டொனால்ட் கிரிஃபின் அப்போது மாணவர். நம் காதுக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புவதை அவரும் பியர்ஸ் என்ற பேராசிரியரும் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். எதிரொலியில் கொசுவையே கண்டுபிடிக்கிற ஜீவனுக்கு என் தலை தெரியாமலா போகும்? ஆனால் தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதே. வெறிநோய்க் கிருமி இருக்கலாம். கீறினாலோ கடித்தாலோ சின்னக் காயம்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

எல்லாமே சாது என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன். ஈரத்துணிக் குவியலுக்குள் பார்க்காமல் கையை விட்டுப் பூரானிடம் கடி வாங்கியிருக்கிறேன். நெருப்பை வைத்து அழுத்தியது போல் இருந்தது, சாயங்காலம் வரை அழுதேன். அதன் முதல் ஜோடிக் கால்கள்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கின்றன என்று அப்புறம் படித்தேன். படித்ததால் வலி குறையவில்லை. அதே பூரான் தன் முட்டைகளைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு காவல் கிடக்கும் படத்தைப் பார்த்தபோதுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது. மரவட்டையையும் அதையும் குழப்பிக்கொள்ளாதே. வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால் இருந்து, தொட்டால் சுருண்டுகொண்டால் மரவட்டை. ஒரு ஜோடி இருந்து வேகமாக ஓடினால் பூரான்.

பாம்பும் அப்படித்தான். சாரையை அநியாயமாகக் கொன்றோம் என்பதற்காக எல்லாப் பாம்பும் சாரை ஆகிவிடாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 54 லட்சம் பேரைப் பாம்பு கடிப்பதாகவும், 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே. பாம்பைப் பார்த்தால் நின்று, பின்வாங்கி, அதற்கு வழி விடு. அடிக்கவும் பிடிக்கவும் போகிறவர்களையும் அது கடிக்கும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை பார். அன்று எனக்கு இருந்த பயத்தில் ஒரு நிமிஷம் பின்வாங்கி நின்றிருந்தால் போதும், அது ஓட்டைக்குள் போயிருக்கும்.

சரி, உன் குளியலறைக்கு வருகிறேன்.

இரண்டாவது தடவை எட்டிப் பார்த்தபோது, வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, தட்டையாக, பொத்தான் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது என்றாயே, அது முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கும் மேல் இருக்கும். இந்த வகைச் சிலந்தி வலை கட்டாது. ராத்திரியில் ஓடி ஓடிக் கரப்பானைப் பிடிக்கும். (பறக்கிற கரப்பானுக்கு நான் இன்னமும் கத்துவேன். அதில் திருந்துவதாக இல்லை.) அவள் சுவரில் அசையாமல் நிற்பது உன்னைக் குறிவைத்து இல்லை. நீ விளக்கைப் போட்டாய், கத்தினாய், கதவை அறைந்தாய். அவள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்.

கையால் பிடிக்காதே. நசுங்கினால் கடிப்பாள், வலிக்கும். செருப்பையும் எடுக்காதே. செத்த சிலந்தி ஏன் எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு கிடக்கிறது தெரியுமா? காலை மடக்கத்தான் அதற்குத் தசை பலமாக இருக்கிறது, நீட்டுவதற்கு உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குள் அனுப்ப வேண்டும். உயிர் போனால் அந்த அழுத்தம் போய்விடுகிறது, கால்கள் தானாக மடங்கிக்கொள்கின்றன. ஒருமுறை நான் அடித்துப்போட்ட ஒன்றை அப்படிப் பார்த்துவிட்டு, கும்பிடுகிறது என்று நினைத்தேன். அந்தப் படம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

வாய் அகன்ற டப்பாவைச் சுவரோடு மெதுவாகக் கவிழ்த்து வை, காலில் விளிம்பு படாமல். இடுக்கில் ஒரு கெட்டி அட்டையை நுழைத்து, அப்படியே வெளியே கொண்டுபோய் மறைவான இடத்தில் விடு. அதற்கும் மனம் வரவில்லையென்றால் துண்டை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து வை. போக வேண்டும் என்று தோன்றினால் போவாள்.

இன்னொன்று. போனில் பின்னாலிருந்து குட்டியின் குரல் கேட்டது. "என்னம்மா, என்னம்மா" என்று இரண்டு தடவை கேட்டாள், நீ "ஒன்றுமில்லை, உள்ளே போ" என்றாய். அவளுக்கு இப்போது ஐந்து வயது. டப்பாவை எடுக்கும்போது அவளையும் கூப்பிட்டுக்கொள், அட்டையைப் பிடிக்கச் சொல். கை நடுங்கினால் நடுங்கட்டும், முகத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

முடிந்ததும் போன் பண்ணு. அந்த வெள்ளைப் பை அப்படியே இருந்ததா என்று குட்டியைச் சொல்லச் சொல்.

அம்மா