சிங்கப்பூர் வரும்போது பாவ் எங்கே சாப்பிடலாம்

மாப்ளே,

பெண்ணுக்குக் கோயம்புத்தூரிலேயே சீட் கிடைத்துவிட்டது என்று படித்ததும் இங்கே வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஹாஸ்டல் செலவு மிச்சம் என்று நீ கணக்குப் போட்டிருந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆள் மாறவே இல்லை என்றாள். எங்கள் பக்கம் விசேஷம் ஒன்றும் இல்லை, ஆபீஸை ஜூரோங் பக்கம் மாற்றிவிட்டார்கள், காலையில் ரயிலில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாய், இரண்டு பேருக்கும் நல்ல பாவ், அதுதான் உள்ளே ஏதாவது வைத்து ஆவியில் வேகவைக்கிற சீன பன், எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். உன் மச்சான் சொன்ன அந்த மால் கடை, டின் தை ஃபங், தைவான்காரர்களுடையது, 2003-இல் பாரகான் மாலில் திறந்தார்கள். நல்ல கடைதான். ஆனால் அங்கே பேர்போனது உள்ளே சூப் நிற்கிற மெல்லிய தோல் சியாவ் லோங் பாவ், பதினெட்டு மடிப்பு மடிப்பார்கள், கண்ணாடிக்குப் பின்னால் மடிப்பதை நின்று பார்க்கலாம். நீ கேட்கிற, கையில் பிடித்துப் பிய்க்கிற உப்பின பாவ் வேறு. அதற்குக் காலையில் எழுந்து, சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்கடியில் இருக்கிற அங்காடி நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் தியோங் பாரு சந்தைக் கட்டடம். கீழே காய்கறி, மீன் சந்தை, மாடியில் சாப்பாட்டுக் கடைகள். அங்கே தியோங் பாரு பாவ் என்றே ஒரு கடை இருக்கிறது, தேட வேண்டியதில்லை. திங்கட்கிழமை மட்டும் போகாதே, பல கடைகள் மூடியிருக்கும். உனக்குச் சார் சியூ பாவ் வாங்கு, இனிப்பும் உப்புமாகப் பன்றி இறைச்சி வைத்தது. மேலே வெடித்து மூன்று நான்கு இதழாகப் பிரிந்திருக்கும், அந்த வெடிப்பில் சிவப்புக் குழம்பு கொஞ்சம் கசிந்து வெள்ளை மாவில் கறை பிடித்திருக்கும். கைத்தவறு இல்லை, அப்படி வெடிக்கத்தான் பசைத்தன்மை குறைந்த மாவில் பேக்கிங் பவுடர் சேர்த்து, எடுத்த எடுப்பிலேயே கடும் ஆவியில் வைக்கிறார்கள். பழைய முறைக்காரர்கள் அமோனியா உப்பும் கொஞ்சம் போடுவார்கள், சூட்டோடு மூக்கருகே கொண்டுபோனால் அந்த வாடை லேசாகத் தெரியும், பயப்படாதே.

எனக்கு உள்ளே வைக்கிறதைவிட மாவுதான் முக்கியம், இதில் என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. கோப்பிக்கடைகளில் கண்ணாடி அலமாரியில் ஆவியோடு அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் நிறைய ஃபேக்டரியில் செய்து வந்து திரும்பச் சூடாக்கினது, பசிக்குச் சாப்பிடலாம், ஆனால் சாயங்காலம் வரை உள்ளேயே கிடந்தால் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்கும்போது பாதி மாவு அதோடு போய்விடும். மூடியில் சேரும் தண்ணீர் சொட்டி மேல்தோலும் நொசநொசவென்று ஆகிவிடும், நம் இட்லிக்கு ஆகிற மாதிரியேதான். மூங்கில் கூடை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மூங்கிலில் வேகவைக்கிற கடையைப் பார்த்தால் தயங்காமல் நில். தஞ்சோங் ரூ பாவ் என்று ஜாலான் பத்துவில் ஒரு கடை, பாவ் சின்னச் சின்னதாக இருக்கும், மாவும் உள்ளீடும் சரியான அளவு, நீ தனியாகவே அரை டஜன் முடிப்பாய்.

ஒரு நாள் ராத்திரி குவீன்ஸ் ரோட்டில் வெஸ்ட்லேக் போகலாம், 1974-லிருந்து நடக்கிற கடை, அடுக்குமாடி பிளாக்கின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. அங்கே கொங் பாக் பாவ்: சோயா சாஸில் வெகுநேரம் வெந்த, கொழுப்பும் கறியுமான பன்றி இறைச்சித் துண்டு தனியாக வரும், வெறும் பாவ் தனியாக வரும், நீயே விரித்து உள்ளே வைத்து மடித்துக் கடிக்க வேண்டியது. டாக்டர் கொலஸ்ட்ரால் பற்றி என்ன சொன்னார் என்று நான் கேட்கப்போவதில்லை.

அம்மா விஷயம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தாவ் சார் பாவ், சிவப்புப் பயறு இனிப்பு வைத்தது, பார்த்தால் சைவம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் பழைய பக்குவத்தில் அந்தப் பயறு விழுதைப் பன்றிக்கொழுப்பில்தான் கிளறுவார்கள். இப்போது எண்ணெயில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்காமல் வாங்காதே. ஹலால் என்று போட்டிருந்தால் பன்றிக்கொழுப்பு இருக்காது, அதற்காக அது சைவமாகிவிடாது, கோழி பாவும் அதே அடுக்கில் வேகும். அதனால் அம்மாவை வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குக் கூட்டிப்போகலாம். கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில், சீனர்கள் அங்கே கும்பிட்டுவிட்டு நம் கோயில் வாசலிலும் ஊதுபத்தி வைத்துவிட்டுப் போவதை அம்மா பார்க்க வேண்டும். கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஃபார்ச்சூன் சென்டர், உள்ளே பௌத்த சைவக் கடைகள் நிறைய. அவர்களில் பலர் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள், ஏகாதசியன்றுகூட அம்மாவுக்கு அங்கே ஏதாவது அமையும். காளானும், மாவில் செய்த பொய்க்கறியும் வைத்த பாவ் கண்ணில் பட்டால் வாங்கிக் கொடு. இறைச்சி மாதிரியே இருக்கிறதே என்று முகம் சுளித்தால் அதை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், உப்பு முட்டைக் கஸ்டர்ட் பாவை வாங்கினவுடனே கடித்துவிடாதே, உள்ளே கொதிக்கக் கொதிக்க இருக்கும், சட்டையும் போகும். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீயே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021-லிருந்து அங்காடி நிலையங்களில் அது சட்டம், முதலில் எச்சரிக்கை, அப்புறம் அபராதம். நம் ஊர் பழக்கத்தில் கைகழுவிவிட்டுக் கிளம்பிவிடாதே.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, ஆபீஸில் லீவு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி என்றாயே, சக்கர நாற்காலிக்கு விமானக் கம்பெனியிடம் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடு.

உன்,
மாப்ளேதான்