ஐயா படிக்காமல் கையெழுத்து வைத்தார்

வெள்ளவத்தை,
19.07.2025

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கோபிக்காதே. மகளின் அரங்கேற்றப் படங்கள் வந்தன. அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, பிள்ளை உன்னைப் போல இல்லாமல் தாயைப் போல இருப்பது நல்ல காலம் என்றார். எங்கள் கூட்டாளி நெட்டையன் இப்போது மட்டக்களப்பில். தலை முழுக்க நரை, வாய் மட்டும் அப்படியே. சரி, சுகம் விசாரிப்பது இவ்வளவு போதும். ஒரு விஷயம் நடந்திருக்கிறது. இரண்டு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை.

எங்கள் ஸ்டோர் ஐயாவை நினைவிருக்கிறதா? நீ கனடா போகிற கிழமை, பெட்டி கட்டக் கயிறு தேடி நான்காம் குறுக்குத் தெருவுக்கு வந்தாயே, கயிறு தந்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, புறக்கோட்டையில் நாட்டாமையாக மூட்டை சுமந்தவர். 1998இல் முதலாளி அவரை ஸ்டோருக்கு எடுத்தார். 27 வருடத்தில் ஒரு மூட்டைப் பருப்புக்கூடக் கணக்கில் பிசகியதில்லை. நான் சேர்ந்த முதல் மாதம், செத்தல் மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்க்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஈரம் இருந்தால் எடை கூடும், வாங்குகிறவன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறான் என்பார்.

போன மாதம் அவருக்கு 60 முடிந்தது. விலகல் கணக்கை நான்தான் போட்டேன். பணிக்கொடை 5 லட்சத்து 40 ஆயிரம். தாளை முன்னால் வைத்து, "வாசித்துப் பாருங்கள் ஐயா" என்றேன். "தம்பி போட்ட கணக்க நான் எதுக்குப் பாக்கணும்?" என்று கையெழுத்தை வைத்துவிட்டார்.

மச்சான், அந்தக் கணக்கு கூட்டலில் சரி. மற்ற எல்லாவற்றிலும் பிழை.

அவர் கையில் வாங்கிய சம்பளம் 75,000. சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளம் 40,000. மிச்சம் 35,000 பயணப்படி. அவரோ ஸ்டோரின் மேல்மாடியிலேயே படுப்பவர், வேலைக்குப் பயணம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. இப்படிப் பிரித்தால் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு, அதுதான் ஈ.பி.எப்.புக்கு, கட்டும் 12 சதவீதம் 4,800 ரூபாயோடு முடியும். முழுச் சம்பளத்துக்குக் கட்டினால் 9,000. ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எப்.புக்கான 3 சதவீதமும் அதே மாதிரிக் குறையும். பணிக்கொடை என்பது வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 37,500ஐ 27ஆல் பெருக்கிப் பார்: 10 லட்சத்து 12 ஆயிரத்து 500. மூட்டை தூக்கிய முதுகிலிருந்து நாலே முக்கால் லட்சத்தை நான் ஒரு நிரலை மாற்றி எழுதி எடுத்திருக்கிறேன்.

எடுக்கச் சொன்னவர் கெட்டவர் என்றால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். 2022 எப்படி இருந்தது என்று நீ அங்கிருந்து செய்தியில் பார்த்திருப்பாய். 200 ரூபாயில் நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360 அளவுக்குப் போனது. எங்கள் சாமான் துறைமுகத்தில் கிடந்தது, எடுக்க டொலர் இல்லை. பக்கத்துக் கடைகளில் ஆட்களை நிறுத்தினார்கள். எங்கள் முதலாளி ஒருவரையும் நிறுத்தவில்லை. தன் காணியை விற்றுச் சம்பளம் தந்தார். விலைவாசி ஏறியதும் சம்பளத்தையும் கூட்டினார். கூட்டியதை மட்டும் பயணப்படியில் போடச் சொன்னார். "இந்த வருஷம் மட்டும் தம்பி, கொஞ்சம் மூச்சு விடுவம்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. போட்டேன்.

2023இல் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. 2024இல் வியாபாரம் நிமிர்ந்துவிட்டது, அப்போதும் கேட்கவில்லை. என்னை உறுத்துவது இதுதான் மச்சான். முதல் தடவை யோசித்துத்தான் செய்தேன். அதற்குப் பிறகு யோசிக்கவே இல்லை. போன மாதச் சிட்டையைப் பிரதி எடுத்துத் திகதியை மாற்றினேன், அவ்வளவுதான். ஒருவரிடமும் பத்து ரூபாய் லஞ்சம் வாங்காதவன் என்று எனக்குள் ஒரு நிமிர்வு வேறு இருந்தது. அம்மா பக்கத்து வீட்டில் வாங்கிய அரிசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அளக்கிற கொத்தைக் கும்பலாக நிரப்பித்தான் கொடுப்பார், உனக்குத் தெரியும். வீட்டில் நானும் அப்படித்தான். ஒபிஸ் கதிரையில் இருந்தவுடன் கை ஏன் கொத்தைத் தட்டி அளக்கிறது?

போன திங்கள் முதலாளியிடம் போனேன். முழுச் சம்பளத்துக்கும் கணக்கை மாற்ற வேண்டும் என்றேன்.

"நீ போட்ட கணக்குத்தானே?"

"ஓம், நான் போட்டதுதான். அதனால்தான் நான் வந்திருக்கிறேன்."

"அவர் கையெழுத்து வைச்சிட்டாரே."

"வாசிக்காமல் வைத்தார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன்ர அம்மாவின்ர ஒப்பரேஷனுக்கு நான் கணக்குப் பாத்தனானா?" என்று கேட்டார். உண்மைதான், பார்க்கவில்லை. மூன்று லட்சம் தந்தார், ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடன் என்னுடையது, அதை ஐயாவின் காசில் தீர்க்க எனக்கு உரிமை இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகு கால் நடுங்கியது.

நேரே நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். நெட்டையனும் அதைச் சொல்லித்தான் ஏசினான். சட்டம் எங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது, ஈ.பி.எப். பிந்தினால் மேலதிகக் கட்டணமே 50 சதவீதம் வரை போகும். ஆனால் காணி விற்றுச் சோறு போட்டவரிடம் முதலில் முகத்துக்கு முகம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் கேட்காவிட்டால் ஐயாவை நானே கூட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்திருந்தேன்.

வியாழக்கிழமை கூப்பிட்டார். பணிக்கொடை வித்தியாசத்தை இரண்டு தவணையில் தருவதாகச் சொன்னார். ஈ.பி.எப். பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று பின்னேரமே ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்தது நான் என்பதையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மத்தப் பசங்களுக்கும் இப்படித்தானா தம்பி?" என்று கேட்டார். தன் காசைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

மற்றவர்கள் 22 பேர். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முழுச் சம்பளத்துக்கு மாற்றினால் அவர்கள் பங்கான 8 சதவீதமும் கூடும். 35,000க்கு 2,800 ரூபாய் கையில் குறையும். விஷயம் வெளியே வந்ததும் இரண்டு பொடியன்கள் வந்து, "அண்ணை, எங்களுக்குக் கையில வாறதே காணும், குழப்பாதேங்கோ" என்றார்கள். வீட்டு வாடகையும் பால்மாவும் இருக்கிற விலைக்கு அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 60 வயதில் ஐயா மாதிரி ஒரு தாளின் முன்னால் இருக்கப் போவதை 24 வயதில் யார் நினைப்பார்கள்?

ஜூன் மாதத்துக்கான காசை இந்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். படிவத்தை முழுச் சம்பளத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். பழைய மாதிரி என்றால் நான் தயாரிக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார். மனைவி முதல் நாள் சின்னவனின் ரியூஷன் காசை நினைத்து அழுதாள். அடுத்த நாள் என் பழைய சான்றிதழ்களைத் தேடி எடுத்து, ஒரு கோப்பில் அடுக்கி மேசையில் வைத்திருந்தாள்.

நாளைக் காலை ஐயா ஹட்டனுக்குப் புறப்படுகிறார். கோட்டை ஸ்டேஷன் வரை அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், தூக்க விடுவாரோ தெரியாது.

நீ எழுது. அன்றைக்கு மிச்சக்காசுக்காக 100ஆம் நம்பர் பஸ்ஸை மறித்துத் தெஹிவளையில் ஓடியவன் நீ. அப்போது நாங்கள் சிரித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். வங்கியில் இத்தனை வருடம் இருந்த பிறகும் உனக்கு அப்படி இறங்கி ஓடத் தோன்றுகிறதா? உண்மையைச் சொல். திங்கட்கிழமைக்கு முன்னால் கோல் எடுத்தாலும் நல்லது.

அன்புடன்,
உன் ராமகிருஷ்ணா வீதி அறைக்காரன்