ஆழமான சிங்க் பொருத்தும் முன் சுவர்த் துளையை இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் பழைய வீடுகளின் சமையலறையைப் புதுப்பிப்போர் பலர், ஏழு அங்குல ஆழமுள்ள சிங்க்கைக் கழற்றிவிட்டு ஒன்பது அல்லது பத்து அங்குல ஆழமுள்ளதைப் பொருத்துகிறார்கள். சோறு வடிக்கும் பானையும் மீன்சட்டியும் தண்ணீர் தெறிக்காமல் கழுவ அந்த ஆழம் தேவைதான். ஆனால் சிங்க் இறங்கினால் கழிவுநீர் வெளியேறும் சுவர்த் துளையும் இறங்க வேண்டும் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, பொருத்துபவரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

கணக்கு எளியது. சமையல் மேடை தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில் இருந்தால், 7 அங்குல சிங்க்கின் அடி 26 அங்குலத்தில் நிற்கும். அதன் கீழ் வேஸ்ட் கப்ளிங் (சிங்க்கின் துளையில் மாட்டும் வடிவாய்), பாட்டில் டிராப் (சிறிது நீரைத் தேக்கிவைக்கும் புட்டி வடிவ உறுப்பு) என ஏறத்தாழ ஆறு அங்குலம் போக, டிராப்பின் பக்கவாய் 20 அங்குலத்தில் அமையும். சுவர்த் துளை 19 அங்குலத்தில் இருந்தால் நீர் சரிவாக ஓடிவிடும். 10 அங்குல சிங்க் வந்ததும் அந்தப் பக்கவாய் 17 அங்குலத்துக்கு இறங்கிவிடுகிறது, துளையோ பழைய இடத்திலேயே இருக்கிறது. கிரானைட்டுக்கு அடியில் ஒட்டும் வகையானால் கல்லின் கனமான முக்கால் அங்குலத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

சுவரை உடைக்கத் தயங்கி, இந்த இரண்டு அங்குல ஏற்றத்தை நெளிவு நெளிவான பிளாஸ்டிக் ஹோஸைக் கொண்டு சமாளித்துவிடுகிறார்கள். சிங்க்கின் அடி எப்படியும் சுவர்த் துளையைவிட உயரத்தில் இருப்பதால், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கும்போது தடையின்றிப் போய்விடும். வீட்டுக்காரரும் திருப்தியாகக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவார். தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. டிராப்புக்குள் இரண்டு அங்குல நீர் நிற்பது, நாற்றமும் கரப்பானும் மேலே ஏறாமல் இருக்க வேண்டி அமைத்த ஏற்பாடு. அதற்குமேல் ஹோஸ் முழுவதும் நீர் தேங்கினால் அது அடுப்படிக்குள்ளேயே ஒரு சாக்கடை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதை மார்கழிக் காலையில் நம் வீட்டுப் புட்டிகளிலேயே பார்க்கிறோம். உறவினர் ஒருவர் வீட்டில் கழற்றிய ஹோஸை நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது, ஒவ்வொரு நெளிவிலும் வெள்ளைக் கொழுப்பு படிந்து, அதில் மீன் செதிளும் தேங்காய்ச் சக்கையும் ஒட்டி, நீர் போக விரல் அளவு வழியே மிஞ்சியிருந்தது. இதற்கு அடைப்பு நீக்கும் காரத்தூளை வாங்கி வாங்கிக் கொட்டுவது வீண் செலவு மட்டுமல்ல, கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

சரியான முறை, சிங்க்கைப் பதிக்கும் முன்பே சுவரில் புதிய துளையை இறக்கிப் போட்டு, பழையதைச் சிமென்ட் வைத்து அடைப்பதுதான். நெளிவில்லாத பி.வி.சி. பைப்பை, நான்கு அடிக்கு ஓர் அங்குலம் என்ற சரிவில், இயன்றவரை 45 டிகிரி எல்போக்களை (வளைவுத் துண்டுகளை) கொண்டு அமைக்க வேண்டும். கொத்தனாருக்கு அரைநாள் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகானால் அதே வேலைக்குப் பல மடங்கு செலவாகும்.

இதில் நம் மாவட்டத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் இங்கே பெய்கின்றன. சாலைகளை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பல வீடுகளின் முற்றம் பள்ளமாகிவிட்டது. அத்தகைய வீடுகளில் துளையை இறக்கும்போது, வெளியேயுள்ள சேம்பரின் (கழிவுநீர் சேரும் தொட்டியின்) நீர்மட்டத்தைவிடப் பைப்பின் வாய் போதிய உயரத்தில் இருக்கிறதா என்று மழைக்காலத்தில் பார்த்துவைத்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் சேம்பர் நீர் பைப் வழியே உள்நோக்கி ஏறும். அவ்வளவு இறக்க இடமில்லாத வீட்டுக்கு எட்டு அங்குல சிங்க்கே போதும். அதை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் சிங்க் விற்கும் கடைக்காரர்கள், பில் போடும் முன் வாடிக்கையாளரிடம் மேடையின் உயரத்தையும் சுவர்த் துளையின் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன். நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை, ஏற்கெனவே தொழிலில் இருக்கும் பிளம்பர்களுக்கு விடுமுறை நாள்களில் இதைச் செய்முறையாகக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் இந்த அளவுகளை ஒரு படத்துடன் வெளியிட்டால், புதிய சிங்க் வாங்கப் போகிறவர்கள் அதைக் கத்தரித்துக் கடைக்கும் பிளம்பரிடமும் கொண்டுபோக வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை