டேபிள் மலைக்கு நடந்து ஏறப்போகிறவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கேப் டவுன் பயணத்தில் டேபிள் மலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் இறங்குவதற்கான ரோப் கார் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துத் தருவதில்லை. ஏன் என்று பலர் கேட்கிறீர்கள். காரணம், காற்று.

டிசம்பரும் ஜனவரியும் அங்கே கோடை. அப்போது தென்கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். கடலின் ஈரத்தோடு வரும் அது மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. தட்டையான உச்சியில் வெள்ளைத் துணி விரித்ததுபோல் படரும் அந்த மேகத்தைக் கீழே நகரத்திலிருந்து பார்க்க அழகு. மேலே நிற்பவருக்கோ அடுத்த வளைவுகூடத் தெரியாது. காற்று வலுத்தால் சங்கு ஊதி எல்லோரையும் நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். பிறகு ரோப் கார் ஓடாது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகவும் சில நாட்கள் மூடிவிடுவார்கள். ஆகவே ஏறும்போதே, இறங்குவதும் நடந்துதான் என்று வைத்துக்கொண்டு காலில் தெம்பும் பாட்டிலில் தண்ணீரும் மிச்சம் வையுங்கள்.

நாங்கள் பரிந்துரைப்பது பிளாட்டெக்லிப் பள்ளத்தாக்குப் பாதை. ரோப் காரின் கீழ் நிலையத்தைத் தாண்டி அதே சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் தொடக்கம். தூரம் 3 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் 600 மீட்டருக்கு மேல். முழங்கால் உயரக் கற்படிகள், வளைந்து வளைந்து போகும். ஏற இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். பலர் ஏமாறுவது வெயிலில். தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். இந்தப் பாதையோ மலையின் வடக்கு முகத்தில். கோடையில் காலை ஆறரைக்குள் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், தலையில் மாட்டும் டார்ச். அடி தேய்ந்த ஷூ வேண்டாம், படியில் கிடக்கும் மணல் வழுக்கும்.

மேலே வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் கால் மணி நேரத்தில் ரோப் கார் நிலையம். இடப்பக்கம் ஒரு மணி நேரம் நடந்தால் மலையின் மிக உயர்ந்த இடமான மெக்லியர்ஸ் பீக்கன், 1,086 மீட்டர். மேகம் இறங்கத் தொடங்கியிருந்தால் அங்கே போகாதீர்கள்.

‘இந்தியா வென்ஸ்டர்’ என்ற இன்னொரு பாதையின் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஆசை வரும். பாறை இடுக்கு ஒன்று இந்திய வரைபடம் போலத் தெரிவதால் வந்த பெயர் என்பார்கள். ஆனால் அங்கே கையூன்றிப் பாறை ஏற வேண்டும், சங்கிலி பிடிக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் வேண்டாம், இறங்கவோ வேண்டவே வேண்டாம். கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கு நல்ல நிழல். ஆனால் ஈரப் பாறையும் மர ஏணிகளும் உண்டு. மழைக்கு மறுநாள் தவிர்த்துவிடுங்கள்.

நகரத்தை ஒட்டிய மலை என்பதால் வழிப்பறியும் நடக்கிறது. நான்கு பேராகச் செல்லுங்கள், ஒதுக்குப்புறப் பாதைகளில் தனியாக வேண்டாம். ஆபத்தென்றால் கைபேசியில் 112.

அன்று விடியும்போதே உச்சியில் துணி விரிந்திருந்தால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அந்த நாளை வேறு நாளோடு மாற்றிக்கொள்ளலாம், கூடுதல் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்