ரேடியேட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அப்பா

கோவென்ட்ரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்கள், தம்பி, வள்ளி, மாம்பலம் அத்தை எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அப்பா, உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். நம் பழைய ஹெரால்டு கார் மறுபடியும் கொதிக்கிறது, என்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர் அடித்தொட்டியில் ஒழுகுகிறது, பாய் கடைப் பையன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டியின் அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்தலாம் என்கிறான், இல்லையென்றால் சித்தப்பா சொன்ன ஆளுக்கே வண்டியை விற்றுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, உறைபனியிலும் அரைக்கால் சட்டையோடு குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர். அவரிடமும் ஒரு ஹெரால்டு இருக்கிறது. 1959-இல் ஹெரால்டு என்ற ரகமே பிறந்தது இந்த ஊர்க் கான்லி தொழிற்சாலையில்தான். அதற்குப் பிறகுதான் வண்டலூர்ப் பக்கம் நம்மவர்கள் செய்தார்கள். சிறுவயதில் அவர் கான்லியில் வேலை பார்த்தவர். நம் வண்டியின் படத்தைக் காட்டியதும் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இங்கே வந்ததெல்லாம் இரண்டு கதவு வண்டிகள். நான்கு கதவு ஹெரால்டை அவர் கண்டதே இல்லையாம்.

போன மாதம் அவருடைய ரேடியேட்டரும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லாததால் கூட நின்றேன். மட்கார்டோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்பக்கம் கவிழ்வது நமக்குப் பழகியதுதானே, அதனால் கைவைக்க இடம் தாராளம். ரப்பர் குழாய் இறுகிப்போயிருந்தது; இழுத்தால் பித்தளைக் கழுத்து நெளிந்துவிடும் என்று கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தார். வெளியே எடுத்துப் பார்த்தால், குழாய்கள் தொட்டியோடு சேரும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு. செதில்களில் விரலை வைத்ததும் பொரித்த அப்பளமாக நொறுங்கின. ஆனால் மேல் தொட்டி, கீழ்த் தொட்டி இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை.

அதுதான் அப்பா, முக்கியம். நம்முடையதும் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றில் சேர்ந்த ரேடியேட்டர். தொட்டிகளைச் சூடுகாட்டிக் கழற்றி, நடுவில் குழாயும் செதிலுமாக இருக்கும் ‘கோர்’ பகுதியை மட்டும் புதிதாக வைத்து மறுபடி பற்றவைக்கலாம். இங்கே ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அலுமினியம் பழுதானால் அந்தக் கைகளால் ஈயம் வைத்து ஒட்ட முடியாது. அதைப் பொருத்துவதற்காகத் தாங்கிகளை வெட்டினால் வண்டியின் முகமே கெட்டுவிடும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியில், 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியைத்தான் விண்டேஜ் என்று பதிகிறார்கள். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, நமக்கு அது தேவையில்லை. ஆனாலும் தாத்தா வாங்கியபோது இருந்தபடி இருப்பதுதான் அந்த வண்டிக்கு மதிப்பு.

கோர் மாற்றும்போது தம்பி பக்கத்திலேயே நிற்கட்டும். பித்தளைக்கு எடைக்கு எடை காசு. நம் தொட்டிகளே திரும்பி வர வேண்டும். முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்று விட்டுக் குமிழி வருகிறதா என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். மூடி பழைய அழுத்த அளவிலேயே இருக்கட்டும், கூடுதல் அளவில் போட்டால் பழைய பற்று பிளக்கும். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை நம் ஊரில் கழற்றி எறிவது வழக்கம். புதிதாக ஒன்று போடச் சொல்லுங்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்து அடைத்ததே அந்த உப்புதான். டிஸ்டில்டு வாட்டரும் பழைய வகை நீலக் கூலன்டும் பாதிக்குப் பாதி. கோர் மாற்றிய பிறகும் கொதித்தால், என்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம்.

அம்மா, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாம்பார்ப் பொடி இன்னும் இருக்கிறது. ஃபோல்ஸ்ஹில் ரோட்டில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. நான் பெரும்பாலும் உருளைக்கிழங்கே வாங்குகிறேன், அதுதான் இந்தக் குளிருக்கு நல்லது. அறை சிறியது என்பதால் சீக்கிரம் சூடாகிவிடும். இந்த மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்பியிருக்கிறேன், கேஸ் கட்டணம் சேர்த்துக் கட்டினேன், வேறொன்றும் இல்லை.

பெரியவர் வண்டியை முதன்முதலாக ஓடவிட்டபோது சூடான ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எழுந்தது. திருப்போரூர் போகும்போது கேளம்பாக்கம் தாண்டி நின்றோமே, பாட்டி புளியமரத்தடியில் உட்கார்ந்து எல்லோருக்கும் புளியோதரை எடுத்து வைக்க, தம்பி யார் வீட்டிலோ குடம் கேட்டு வாங்கி வர, நீங்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினீர்கள். எனக்கு அந்த இடத்துக்கே போக வேண்டும்போல் இருக்கிறது அப்பா. அந்தப் பெரியவரிடம் என்னையறியாமல் தமிழில் பேசிவிட்டேன். அவர் தலையாட்டினார்.

சரி, வள்ளி கல்யாண விஷயம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டத்தான் வண்டியை விற்கப் பார்க்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். கட்ட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் தாலி கட்டச் சம்மதித்திருக்கும்போது, அத்தை சொல்கிறார் என்று தி.நகரில் பெரிய மண்டபம் எதற்கு? வடபழனி கோயிலில் வைகாசி முகூர்த்தத்துக்கு நாள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பந்திக்கு ஆகும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆர்.சி. புத்தகம் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பா கையெழுத்து இல்லாமல் அதை மாற்ற முடியாது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அம்மாவின் கண் புரை ஆபரேஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம், முன்பே முடித்துவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று தம்பியை உடனே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
முரளி