ஒரு விக்கிப்பீடியா சந்தேகம்

தம்பி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அது புதிதில்லை. தைலம் தீர்ந்துவிட்டது என்று உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். பேரி மரம் பூத்திருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒரு சந்தேகம், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. நீ பதறிப்போய் போன் செய்ய வேண்டாம். செய்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லித் தரப்போகிறேன் என்று பொங்கலுக்குப் போனில் சொன்னேனே, நீகூட ‘ம்’ என்றாயே, அது நன்றாகவே நடக்கிறது. முதல் நாள்தான் மானம் போயிற்று. ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேருக்குக் கணக்கு தொடங்கியாயிற்று, ஏழாவது பையனுக்கு என்ன செய்தும் வரவில்லை. மன்னவனூரிலிருந்து காலை பஸ் பிடித்து வந்த பிள்ளை, முகம் சுருங்கிவிட்டது. ஒரே இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் தொடங்க விடமாட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவனுடைய சொந்த டேட்டாவில் போட்டதும் உடனே வந்தது. நீ கூட இருந்திருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பாய். அதற்குள் ஒரு பெண் ‘என் கணக்கிலேயே அவனும் எழுதட்டும் மிஸ்’ என்றாள். கூடாது, ஒருவருக்கு ஒரு கணக்கு, எதை யார் எழுதியது என்று வரலாற்றுப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்றேன்.

நீ எனக்குச் சொன்னதையெல்லாம்தான் அவர்களுக்குச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் கட்டுரையில் கை வைக்காதே, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகு. எங்கிருந்தும் வெட்டி ஒட்டாதே, படித்துவிட்டு மூடி வைத்து உன் வார்த்தையில் எழுது. சந்தேகம் என்றால் முதலில் பேச்சுப் பக்கத்தில் கேள். ஒருவன் அவன் அப்பா நடத்தும் ஹோம்ஸ்டேவைப் பற்றி போன் நம்பரோடு கட்டுரை போடப் பார்த்தான், தடுத்து நிறுத்தினேன். இன்னொருவன் ஏஐயிடம் கேட்டு இரண்டே நிமிடத்தில் முழுக் கட்டுரையோடு வந்து நின்றான். கீழே சான்றாக ஐந்து புத்தகம், பதிப்பகம் பக்க எண் சகிதம். நூலகரும் நானும் ஒரு மணி நேரம் தேடினோம், அப்படி ஒரு புத்தகமும் யாரும் எழுதியிருக்கவில்லை! பையன் நிஜமாகவே பயந்துவிட்டான்.

கொடைக்கானல் என்று ஆரம்பித்தாலே ‘மலைகளின் இளவரசி’, ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று வந்துவிடுகிறது, அந்த வார்த்தைகளைப் பிடுங்கினால் பாதிக் கட்டுரை காலி. ஏரியை இயற்கை ஏரி என்று எழுதினார்கள். 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், சரி, நான் சொல்வதை ஏன் நம்புகிறாய், புத்தகத்தைப் பார் என்றேன். எல்லாவற்றையும் விட வேடிக்கை, ‘1909இல் கொடைக்கானலில் சூரியப் புள்ளிகள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்பது. கலிலியோ காலத்திலேயே பார்த்த புள்ளிகள் அவை. எவர்ஷெட் என்ற வானியலாளர் நம் சூரிய ஆய்வகத்தில் கண்டது அந்தப் புள்ளிக்குள் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதை, என்று பலகையில் படம் போட்டு விளக்கினேன். தமிழ் டீச்சர் அறிவியல் பாடம் எடுத்த கதையைக் கேட்டு அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த எவர்ஷெட் கட்டுரையில்தான் நீ கடைசியாக ஒரு ‘ப்’ சேர்த்திருக்கிறாய். கூடின பைட் கணக்கு +6 என்று பச்சையில் இருக்கிறது. தை அமாவாசைக்கு முந்தின இரவு, விக்கிப்பீடியா காட்டும் உலகப் பொது நேரப்படி 20:40. ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம் இரவு 2:10. அந்த நேரத்தில் தூங்காமல் சந்திப்பிழை திருத்துகிற பிள்ளை என் பிள்ளை என்று பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. நீ போன் எடுக்காத நாளெல்லாம் உன் பங்களிப்புகள் பக்கத்தைத்தான் பார்ப்பேன், ஏதாவது ஒரு வரி இருக்கும், சரி இருக்கிறான் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன். இன்றோடு 53 நாள் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். ராத்திரி ஏதாவது சாப்பிடு, வெறும் வயிற்றோடு படுக்காதே.

சந்தேகத்துக்கு வருகிறேன். பூம்பாறையிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஊர்க் கட்டுரையில் குழந்தை வேலப்பர் சிலையைப் போகர் செய்தார் என்று அடித்துச் சொல்லி எழுதியிருந்தாள். ‘செய்தார் என்று நம்பப்படுகிறது’ என்று போடு, அப்படி யார் எந்தப் புத்தகத்தில் சொல்கிறார் என்பதையும் காட்டு என்றேன், கோபப்படாமல் மாற்றினாள். கெட்டிக்காரி. அப்புறம் ஒரு நாள் இரவு வீட்டிலிருந்து மலைப்பூண்டைப் பற்றி ஒரு பத்தி எழுதிச் சேர்த்திருக்கிறாள். பூண்டைத் தாளோடு முடிந்து அடுப்புப் புகையில் தொங்கவிடுவது, மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது, எல்லாம் அவள் பாட்டி சொல்லக் கேட்டது. சான்று ஒன்றுகூட இல்லை. காலையில் பார்த்தேன், அந்த வேகத்திலேயே எடுத்துவிட்டேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘சான்று இல்லை. இது சொந்தக் கதை எழுதும் இடமில்லை’ என்று போட்டேன். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

அப்புறம்தான் தேடினேன். அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பத்திரிகைகளிலெல்லாம் வந்த செய்தி, அதிலிருந்து பிடித்துக்கொண்டு போனால் சான்று கிடைக்காமலா போகும்? ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் கேட்டிருக்கலாம். புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று ஒரு வழிகாட்டல் பக்கமே இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவளும் நான்தான்.

2018இல் குறிஞ்சி பூத்தபோது நீ லீவில் வந்து எனக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தாயே. 2006இலும் இதே மலையில் பூத்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன். நீ அழிக்கவில்லை. ‘நீ பார்த்தது நிஜம்தாம்மா, ஆனா படிக்கிறவன் உன் கண்ணைப் புரட்டிப் பார்க்க முடியாதே, வா, பேப்பர்ல தேடலாம்’ என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். இவனுக்குப் பொறுமை யாரிடமிருந்து வந்தது, உன்னிடமிருந்து இல்லை என்று அப்பா அன்றைக்கே சொன்னார்.

அவளுடைய பேச்சுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஆரம்பித்தால் மதுரை விஷயம்தான் வந்து நிற்கிறது. ஒரே இடத்தில் வந்ததை நம்பாதே, சம்பந்தப்பட்டவர்களே தங்களைப் பற்றிச் சொல்வதைச் சான்றாக வைக்காதே என்று பிள்ளைகளிடம் வாய் கிழியச் சொல்கிறேன். கார்த்திகையில் மாமா ஒரு போன் செய்தார், அதுவும் அந்த வீட்டார் அவரிடம் சொன்னது. அதை அப்படியே வாங்கிக்கொண்டு, நீ செருப்புகூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நிற்க வைத்துக் கத்தினேன். என்ன நடந்தது என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா கேட்கச் சொன்னார், நான்தான் கேட்க என்ன இருக்கிறது என்றேன். நீ பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு கடைசி வத்தலக்குண்டு பஸ்ஸுக்குப் போனாய். அந்தப் பனியில் ஸ்வெட்டர்கூட இல்லாமல். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான்.

இப்போது நீ சொல்லியாக வேண்டும் என்று இல்லை. சொன்னால் கேட்பேன், நடுவில் பேச மாட்டேன். பேசினால் போனை வைத்துவிடு.

சந்தேகம் இதுதான். அந்தப் பத்தியை நானே திருப்பிப் போட்டுவிட்டு அவளுக்கு எழுதுவதா, அல்லது எழுதிவிட்டு அவளையே போடச் சொல்வதா? அவள் கையால் வந்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது. கட்டுரையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், தொகுப்புச் சுருக்கத்தை மட்டும் சேமித்த பிறகு மாற்ற முடியாதாமே, அந்த ஏழு சொல் அங்கேயே கிடக்கும். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்.

மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், பார்சல் அனுப்பவா, வருகிறாயா? சாப்பாட்டை விடாதே. பதில் எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை, ஏதாவது ஒரு கட்டுரையில் ஒரு காற்புள்ளி போடு. +1 என்று காட்டும், நான் பார்த்துக்கொள்வேன்.

அம்மா